மிஞ்சிய நான்கு திருகாணிகள்

தம்பி,

இந்தக் கடிதத்தை மூன்றாவது முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டு முறையும் ஒக்லாந்து வெயிலைப் பற்றியும் அம்மாவின் முழங்காலைப் பற்றியும் எழுதிக்கொண்டே போய், சொல்ல வந்ததற்குக் கிட்ட வரும்போது தாள் முடிந்துவிட்டது. இன்னொரு தாள் எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. ஆகவே இந்த முறை தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். உன் மகள், என் பேத்தி, படுக்கிற கட்டில் விஷயத்தில் நான் உன் மாமாவிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு பெருமையாக மாற்றிவிட்டீர்கள். இன்னும் பதினெட்டு நாளில் நானும் அம்மாவும் பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்காக லண்டன் வருகிறோம். அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டு உன் வீட்டுக்குள் கால் வைக்க என்னால் முடியாது. பிள்ளையை என் கையில் தருவதா இல்லையா என்பதை நீ இதை முழுதாக வாசித்தபிறகு முடிவு செய்.

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை ஏழு வருஷம் கூட்டிக்கொண்டு போனேன். நீ உள்ளே இருந்த நேரமெல்லாம் நான் காருக்குள் இருந்து தமிழ்ப் பேப்பர் வாசித்தேன். வீட்டில் பக்கத்தில் இருத்தி அந்தப் பேப்பரையே வாசிக்கப் பழக்கியிருந்தால் இன்று நீ தடுமாறமாட்டாய். போன வருஷம் உன் பிறந்தநாளுக்கு நான் எழுதிய நாலு பக்கத்தை எப்படி வாசித்தாய் என்று கேட்டபோது, "மாமாட்டக் குடுத்தன் அப்பா. அவர் சத்தமா வாசிச்சுக் காட்டினவர். சூப்பரா இருந்தது" என்றாய். சந்தோஷம் என்று சொன்னேன். ஆனால் என் வார்த்தைகள் அவருடைய குரலில் உன்னிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. எங்காவது நீ சிரித்திருந்தால் அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சிரித்திருப்பாய். அன்று பின்னேரம் எனக்கு நெஞ்சு எரிந்தது. மத்தியானம் சாப்பிட்ட கத்தரிக்காய்க் குழம்பாக்கும் என்று ஒரு மாத்திரை போட்டேன். மாத்திரைக்கு அது கேட்கவில்லை.

எழுபத்திரண்டு வயதில் ஒருவனுக்குப் பொறாமை வருவது வெட்கமான காரியம். வேறு பெயர் இருக்குமா என்று பலநாள் யோசித்துப் பார்த்தேன், இல்லை. நீ கார்த்திகாவைக் கலியாணம் செய்ததில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவளோடு அவளுடைய அப்பாவும் உனக்கு மாமாவாகச் சேர்ந்து வருவார் என்பதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நான் உலகத்தின் மறுபக்கத்தில், நியூசிலாந்தில் இருக்கிறேன். அவர் உன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். உன் வாசல் மணியை அவர் அடிப்பதில்லை, அவரிடம் சாவி இருக்கிறது. கலியாணத்தன்று காலை உன் வேட்டியை நான்தான் கட்டத் தொடங்கினேன். மடிப்புகள் ஒரே அளவாக வரவேண்டும் என்று இரண்டு முறை அவிழ்த்தேன். "அண்ணை, ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார், விடுங்கோ" என்று அவர் உள்ளே வந்தார். ஒரு பெல்ட்டை எடுத்து மேலால் இறுக்கி, உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இனிக் கழண்டா என்னட்ட வராதை, நேர பொலிசுக்குப் போ" என்றார். நீ வாய்விட்டுச் சிரித்தாய். என்னோடு நீ அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்தபடி மண்டபத்தில் இருந்தேன். தாலி கட்டி முடிந்து எல்லோரும் எழும்பியபோது பார்த்தால், வாழ்த்தித் தூவ என் கையில் தந்த அறுகரிசி கையிலேயே இருந்தது.

நீ என்னோடு சிரிக்காமல் போனதற்கு ஒரு தேதி இருக்குமென்றால், அது உன் பதினோராம் வயதின் பொக்ஸிங் டே, கிறிஸ்மஸுக்கு மறுநாள். உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, நான் மறக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் ஒடாஹுஹுவில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இசைக் கீபோர்ட் ஒன்றைக் காட்டிக் கேட்டாய். நத்தாருக்கு அடுத்த நாள் பாதி விலைக்கு வரும், பொறு என்றேன். நான்கு மாதம் உன்னைக் காத்திருக்க வைத்தேன். அந்தக் காலத்தில் இருவரும் மேசையை அளந்தோம், அறையின் படத்தை அளவுக்கு வரைந்தோம், வயர் எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்று அம்புக்குறி போட்டோம். நில அளவைக் கந்தோரில் உத்தியோகமாகப் படம் வரைந்தவனுக்கு மகனோடு விளையாடத் தெரிந்த ஒரே விளையாட்டு அதுதான். கடையில் கடைசிப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. எல்லாக் கட்டையும் வேலை செய்கிறதா என்று திறந்து பார்க்காமல் வாங்குவது எப்படி? உன்னை அதன்மேல் கை வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, கடைக்காரரைத் தேடிப் போனேன். திரும்பி வரும்போது ஒரு மனிதர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இதை வாங்கப் போகிறாயா தம்பி என்று அவர் உன்னைக் கேட்டிருக்கிறார். நீ என்னைத் தேடிப் பார்த்திருக்கிறாய். நான் இல்லை. நீ கையை எடுத்துவிட்டாய். காரில் ஏறியதும், "இட்ஸ் ஓகே, டாட்" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. உன் மகள் ஒரு பொருளைக் காட்டிக் கேட்டால், முடியுமென்றால் அன்றைக்கே வாங்கு. முடியாதென்றால் முடியாதென்று அன்றைக்கே சொல். பொறு என்று மட்டும் சொல்லாதே. நான் பொறுமை என்று உனக்குக் கற்பித்ததில் பாதிக்கு மேல் பயம்தான்.

நீ லண்டனுக்கு வேலைக்குப் போன புதிதில்தான் பிளாக் ஃபிரைடே என்ற நாள் அங்கே பிடித்துக்கொள்ளத் தொடங்கியது. போனில் சிரித்துக்கொண்டே விளங்கப்படுத்தினாய். அமெரிக்காவில் நன்றி சொல்லும் பண்டிகை வியாழக்கிழமை; மறுநாள் மலிவு விற்பனை. "இஞ்ச பண்டிகையும் இல்லை, வான்கோழியும் இல்லை அப்பா. அடுத்த நாள் மட்டும் வந்திட்டுது" என்றாய். பஸ்ஸுக்கு வரிசையில் நின்று, தங்கள் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிற வெள்ளைக்காரர் இருவர், ஒரு டிவிப் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிற வீடியோவை அனுப்பினாய். அம்மா பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை விளக்கேத்திற நாள். அதுக்குப் போய்க் கறுப்பெண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள்" என்று எழும்பிப் போனாள். நான் அதை மூன்று முறை பார்த்தேன். சில வருஷங்களில் அது இங்கேயும் வந்தது. பாபடோயிட்டோயில் நாங்கள் மரக்கறி வாங்குகிற கடைக்காரர்கூட அரிசி மூட்டைகளுக்கு மேல் கறுப்புத் தாளில் எழுதித் தொங்கவிட்டார். பிரித்தானியர் ஏன் அதை இவ்வளவு விரைவாகத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்று யோசித்திருக்கிறேன். விலை மட்டும் காரணமில்லை. மரியாதையாக நடந்து பழகியவர்களுக்கு, பக்கத்தில் நிற்பவரைத் தள்ளிவிட்டு முன்னுக்குப் போக வருஷத்தில் ஒரு நாள் அனுமதி வேண்டியிருக்கிறது. எனக்கும் வேண்டியிருந்தது. நான் தள்ள நினைத்த ஆள் ஒருவர்தான்.

உன் மாமா அந்த நாளுக்கென்றே பிறந்தவர். முதல் வருஷம் டிவி, அடுத்த வருஷம் உடுப்புத் தோய்க்கிற மெஷின், அதற்கடுத்து அந்தப் பெரிய நீலச் சோபா. ஒவ்வொரு நவம்பரும் குடும்ப வாட்ஸ்அப்பில் அவர் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும் படம் வரும். நீ புது வீட்டைச் சுற்றிக் காட்டி அனுப்பிய வீடியோவில், அவர் வாங்கித் தராத ஒரு பொருளைத் தேடினேன். நான் அனுப்பிய சுவர்க்கடிகாரம் மாடிப்படிக்குக் கீழே தொங்கியது. ஐந்து நிமிஷம் பிந்தி ஓடியது.

ஆகவே பிள்ளை வரப்போகிறது என்று நீ சொன்ன அன்றே, கட்டில் என்னுடையது என்று முடிவு செய்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. முடிவு செய்வதும் சொல்லாமல் இருப்பதும் எனக்கு எப்போதும் ஒன்றாகவே வரும். பிரித்தானியக் கடைகளின் இணையப் பக்கங்களில் பதினொரு கட்டில்களை எடுத்து, கம்பிகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி, அடித்தட்டை எத்தனை உயரத்தில் வைக்கலாம், என்ன மரம் என்று அட்டவணை போட்டேன். நாலாம் இலக்கம்தான் சிறந்தது என்று அடியில் எழுதி உனக்கு அனுப்பினேன். இதை நான் வாங்கப் போகிறேன் என்ற ஒரு வரியை எழுதவில்லை. அதை வாங்குவதற்கு முன்பே துண்டுகளைச் சேர்த்து அதைப் பூட்டும் முறையை விளக்கும் பன்னிரண்டு பக்கத் தாளை நூலகத்தில் அச்சடித்து ஒரு ஃபைலில் வைத்தேன். அம்மா கண்டுவிட்டாள். "பிள்ளை பிறக்க முன்னம் கட்டிலே? வாங்கவும் கூடாது, அதைப்பற்றிக் கதைக்கவும் கூடாது. எடுத்து வையுங்கோ உதை" என்றாள். உலகம் எங்கே போய்விட்டது, நீ இன்னும் இதையெல்லாம் நம்புகிறாயா என்று படித்த மனிதனாக அவளுக்கு விளக்கம் சொன்னேன். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நானே போய் ஒளிந்துகொள்ளும் நாள் வரும் என்று அப்போது தெரியவில்லை.

உங்கள் வெள்ளிக்கிழமை தொடங்கும்போது எங்களுக்கு வெள்ளி மத்தியானம் ஒரு மணி. பன்னிரண்டே முக்காலுக்கே கணினிக்கு முன்னால் இருந்துவிட்டேன். மாமா இப்போது நித்திரை என்ற நினைப்பு தேநீரைவிட இனித்தது. சரியாக ஒரு மணிக்கு நாலாம் இலக்கத்தின் விலை இறங்கியது. ஆனால் என் அட்டவணை வேறு கதை சொன்னது. இரண்டு கிழமைக்கு முன் விலையைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டு, ஏற்றியதைத்தான் இறக்கியிருந்தார்கள். அங்கே விடிந்து கடைகள் திறக்கும்போது உண்மையாகவே இறங்கும் என்று எனக்குத் தோன்றியது. "அமத்துங்கோவன்" என்றாள் அம்மா, வாங்கும் பொத்தானைக் காட்டி. கூடாது என்று சொன்ன அவளே சொன்னாள், என் முகத்தைப் பார்த்து இரங்கி. "பொறு" என்றேன். பின்னேரம் எட்டு மணி, வெயில் இன்னும் முற்றாகப் போகவில்லை. பயிற்றங்கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன், போன் சத்தம் போட்டது. கடை வாசலில் பனிக்குல்லாயோடு மாமா. கைக்குள் நாலாம் இலக்கம். கீழே நீ எழுதியிருந்தாய்: "மாமா காலமை ஆறு மணிக்கே லைன்ல நிண்டு எடுத்திட்டார். உங்கட லிஸ்டில நம்பர் ஃபோர்தான் அப்பா, தாங்க்ஸ்." என் அட்டவணையை நீ அவருக்கு அனுப்பியிருக்கிறாய். நான் பெருவிரலை உயர்த்திக் காட்டும் அந்தச் சின்னப் படத்தை அனுப்பினேன். அம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாருக்கும் முதல் விடியிற ஊரில இருந்துகொண்டு நீங்கள் கடைசியா நிக்கிறியள்."

இதுவரை நான் எழுதியதெல்லாம் ஒரு கிழவனின் மனப்புழுக்கம். நீ சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இனி எழுதுவதை அப்படி விடமுடியாது. இரண்டு கிழமை கழித்து, உங்களுக்குச் சனி பின்னேரம், எங்களுக்கு ஞாயிறு காலை, கட்டில் பூட்டுவதைக் காட்டுவதற்காக நீ வீடியோவில் எடுத்தாய். மாமா நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். விளக்கத் தாள் பிரிக்கப்படாத பைக்குள் அப்படியே ஓரத்தில் கிடந்தது. "மாமா, பேப்பரப் பாக்கேல்லையா?" என்று நீ கேட்டாய். "பேப்பர் பாத்து ஆரும் கட்டில் பூட்டினதே? நான் இந்த ஊரில எத்தினை கடைக்குச் சாமான் வைக்கிற ராக்கை அடிச்சுக் குடுத்தனான்" என்றார் அவர். பிறகு போனுக்குள் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணை, நல்லாப் பாத்துப் பழகுங்கோ. அங்க ஏதும் பூட்ட வேணுமெண்டா டிக்கெட் போடுங்கோ, நான் வாறன்" என்றார். கார்த்திகா சிரித்தாள், நீ சிரித்தாய், எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவும் சிரித்தாள். என் மடியில் அந்த ஃபைல் திறந்து கிடந்தது.

அவர் தலைமாட்டுப் பலகையைத் தலைகீழாகப் பூட்டினார். அதனால் அந்தப் பக்கத்துத் துளைகள் அடித்தட்டோடு பொருந்தவில்லை. தட்டு ஒரு பக்கம் ஆடியது. அவர், கட்டில் வந்த பெட்டியிலேயே ஒரு துண்டு மட்டையைக் கிழித்து மடித்துக் கீழே செருகினார். ஆட்டம் நின்றது. கையை விரித்துக் காட்டினார்: நான்கு திருகாணிகள். "நாலு மிச்சம். நல்ல கொம்பனி, ஸ்பெயரும் போட்டிருக்கிறான்." என் மடியில் இருந்த தாளின் இரண்டாம் பக்கத்தில், மொத்தம் பதினாறு, மேலதிகமாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. மிஞ்சியது தலைமாட்டுப் பக்கம் தட்டைத் தாங்க வேண்டிய நான்கு. உன் ஜன்னல் கட்டையோடு சேர்த்துப் பார்த்தபோது தட்டு ஒரு விரல் அளவு சரிந்திருந்தது தெரிந்தது. வாழ்நாள் முழுக்கக் கோடுகளைப் பார்த்தவன் நான். எனக்குத் தெரியாமல் போகாது. "எப்பிடி அண்ணை?" என்று அவர் கேட்டார். "நல்லா இருக்கு" என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று உனக்கு நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் நிமிஷம் அது கூச்சம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிற அறைக்குள் போய்ப் பிழை சொல்ல எனக்கு எப்போதும் வாய் வந்ததில்லை. ஆனால் கூச்சம் ஒரு நாள்தான் இருக்கும். மறுநாள் நான் தனியாக உன்னை அழைத்துச் சொல்லியிருக்கலாம். மறுநாள் எனக்குள் இருந்தது சந்தோஷம். வரிசையில் நின்று வாங்கிய மனிதருக்கு அதைப் பூட்டத் தெரியவில்லை. அது எனக்கு மட்டும் தெரியும். அந்த எண்ணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதுபோல நாலு கிழமை திரிந்தேன். கடைக்குப் போகும்போதும், பஸ்ஸில் இருக்கும்போதும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். இடையில் மனம் உறுத்தும். அப்போது அம்மா சொன்னதை எடுத்துக்கொள்வேன்: பிள்ளை பிறக்க முன்னம் கட்டிலைப் பற்றிக் கதைக்கக் கூடாது. மூடநம்பிக்கை என்று நானே சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது. பிறக்கட்டும், தை மாதக் கடைசி வரை நாள் இருக்கிறதே என்று நினைத்தேன். தம்பி, நான் எதற்காகக் காத்திருந்தேன்? யாராவது ஒருநாள் அந்தத் தட்டில் கை ஊன்ற அது சரிந்து விழுந்து, எல்லோரும் அவரைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அப்போது தட்டின்மேல் யார் படுத்திருப்பார்கள் என்ற கேள்வியை நான் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பார்த்துக்கொண்டேன்.

பிள்ளை மூன்று கிழமை முந்திவிட்டாள். காலை எட்டரைக்கு நீ அழைத்தாய். "அப்பா, கேர்ள். ரெண்டு பேரும் சுகம். நாளைக்கே வீட்ட போகலாமாம்." அம்மா போனை என்னிடம் தந்துவிட்டுச் சாமியறைக்குப் போனாள். நாளைக்கு வீட்டுக்கு என்றால் நாளைக்கு அந்தக் கட்டிலுக்கு. நான் சொல்ல வாயெடுக்கும்போது நீ வைத்துவிட்டாய். திரும்ப அழைத்தேன், மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருப்பவனை நான் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு போன் இலக்கம். இத்தனை வருஷத்தில் நானாக அவரை ஒருநாளும் அழைத்ததில்லை. அவர் உடனே எடுத்தார். "அப்பப்பாக்கு வாழ்த்துகள். என்ன அண்ணை, அழுறியளோ?" என்றார்.

"கட்டில்" என்றேன். அதற்குமேல் ஒழுங்காக வரவில்லை. "தலைமாட்டுப் பலகை தலைகீழாப் பூட்டியிருக்கு. அந்த நாலு ஆணியும் ஸ்பெயர் இல்லை. தட்டு மட்டையிலதான் நிக்குது."

அவர் சிரிக்காமல் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. "போனை வைச்சிடாதேங்கோ" என்றார். கதவு சாத்தும் சத்தம், செருப்புச் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம். தை மாதக் குளிரில் அந்த மனிதர் இரண்டு தெருவை ஓடிக் கடந்தார். உன் வீட்டுச் சாவி அவரிடம் இருந்ததற்காக நான் அன்றுதான் சந்தோஷப்பட்டேன். வீடியோவைப் போட்டு, போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலை முழுவதும் கழற்றினார். நான் முதலாம் பக்கத்திலிருந்து வாசித்தேன். "அண்ணை, எனக்கு இடதோ, கட்டிலுக்கு இடதோ?" "உங்களுக்கு வலது. மூண்டாம் படம். துளை ரெண்டும் மேல வரவேணும்." "இதோ?" "அது இல்லை, மற்றது." ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. ஒரு திருகாணியையும் அவர் தன்னிஷ்டத்துக்கு முறுக்கவில்லை. நான் சரி என்று சொல்லும்வரை முறுக்குகிற சாவியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த மட்டையை உருவிக் காட்டினார். ஒருவரும் படுக்காமலே அது பாதியாக நசிந்திருந்தது. பதினாறும் பூட்டி முடிந்ததும் இரண்டு கையாலும் தட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு நிலத்தில் இருந்தபடி, களைத்த குரலில் கேட்டார்: "அண்ணை, அண்டைக்கே கண்டனீங்களோ?"

"இல்லை" என்றேன். "பிள்ளை வீட்ட வருது எண்டவுடனதான் தாளை எடுத்துப் பாத்தனான்."

நான் சொன்ன பொய் அதுதான். அறை வாசலில் அம்மா நின்றாள். மத்தியானம் சோறு போடும்போது, "அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை உங்கட மடியில கிடந்தது என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மாமா தன் பிழையை ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். கோயிலில் சொன்னாராம், முடிவெட்டுகிற கடையில் சொன்னாராம். நியூசிலாந்தில் இருந்துகொண்டு கண்ணாலேயே அளக்கிற மனிதர் என்று என்னைப் பற்றிச் சொல்கிறாராம். நீ எனக்கு, "அப்பா, யூ ஆர் எ லெஜண்ட். யூ சேவ்ட் ஹெர்" என்று அனுப்பினாய். அதை ஒவ்வொரு நாளும் திறந்து பார்க்கிறேன். அந்தக் கடைக்கு வெளியே, காருக்குள், "இட்ஸ் ஓகே, டாட்" என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை இது. அது வந்து சேர்ந்தபோது என்னுடையதாக இல்லை. இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். தன் பிழையை இவ்வளவு சத்தமாக, இவ்வளவு சிரித்துக்கொண்டு சொல்ல ஒருவரால் முடிகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்.

நீயும் இப்போது தகப்பன். உன் மகள் யாரோடு அதிகம் சிரிக்கிறாள் என்று எண்ணிப் பார்க்காதே. எண்ணத் தொடங்கினால் சிரிப்பைக் கேட்க முடியாமல் போய்விடும். ஒருவர் பிழை விடுவதைக் கண்டால், அவர் உனக்குப் பிடிக்காதவர் என்றால், இன்னும் விரைவாகச் சொல். ஒரு நாள் பிந்தினாலும் அது உனக்குள்ளே வேறொன்றாக மாறிவிடும். நான் உனக்குத் தரக்கூடிய புத்தி இவ்வளவுதான். சரியாக வாழ்ந்து கற்றதென்று ஒன்றும் என்னிடம் இல்லை.

முதல் இரண்டு கடிதங்களையும் நான் ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன். உனக்கு அதுதான் சுலபம். நீ தனியாக இருந்து வாசித்து, தனியாக என்னை மன்னித்துவிட்டு, அந்தக் கடிதத்தை ஒரு இடத்தில் பூட்டி வைத்திருப்பாய். அந்த இரண்டும் முடியவில்லை. தமிழில் தொடங்கிய இது மட்டும் நிற்காமல் வந்தது. ஏன் என்று எழுதும்போதுதான் விளங்கியது. முதல் பக்கத்தைத் தாண்டுமுன் நீ களைத்துப்போவாய். வழக்கம்போல இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு நடப்பாய். நான் நேரில் சொல்லத் துணியாத ஆளின் கையிலேயே இது போய்ச் சேரும்.

ஆகவே சம்பந்தி, இவ்வளவு நேரமும் இதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். நடுவில் நிறுத்தாமல் வாசித்ததற்கு நன்றி. அன்றைக்கே கண்டனீங்களோ என்று கேட்டீர்கள். ஓம். நீங்கள் கையை விரித்துக் காட்டிய அந்த நிமிஷமே கண்டேன். பிள்ளையை என்னிடம் தருவதா என்பதை நீங்களும் அவனும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். எதுவானாலும் நான் வருகிறேன். எப்படியும் பிள்ளை எழும்பி இருக்கத் தொடங்கும்போது, அடித்தட்டைக் கழற்றி ஒரு படி கீழே இறக்க வேண்டும். ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. ஆணியை நீங்கள் முறுக்குங்கள், தாளை நான் வாசிக்கிறேன். இந்த முறை கண்டவுடனே சொல்வேன்.

அப்பா